பந்தும் பதவியும்

டில்லி வாழ் தமிழர்களுக்கு ஆர்.கே.புரத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அரசாங்கக் குடியிருப்புகள் வரிசை வரிசையாக நிற்கும் இப்பகுதியில், குன்றின்மேல் சுவாமிநாதன் எழுந்தருளிய மலைமந்திர் இருக்கிறது. நம் குழந்தைகள் பயிலுவதற்கு டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் இருக்கிறது. கோயிலையும் பள்ளியையும் தேடிச் சென்று போற்றும் நாம், விளையாட்டுத் திடலை மட்டும் சற்று ஐயத்தோடு நோக்குகிறோம். “விளையாட்டு சோறு போடுமா?” என்று கேட்கிறோம். ஊர் விட்டு வந்து, மாதச் சம்பளத்தை நம்பி வாழ்கின்றவர்கள் இவ்வாறு கேட்பதில் குற்றமில்லை. ஆயினும், கேள்வி கேட்டவர்கள் விடையையும் கேட்டறிய வேண்டுமன்றோ? அவ்விடையைச் சென்னைப் பெண்மணி ஒருவரின் வாழ்க்கை கூறுகிறது. கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரை என்பது அவர் பெயர்.

அவர் ஆடிய ஆட்டத்தின் வரலாறு சுவையானது. 1891-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ஸ்பிரிங்பீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் இதனை உருவாக்கினார். பனிக்காலத்தில் வெளியே செல்ல இயலாத மாணவர்கள் கூரைக்குக் கீழ் ஆடுவதற்கு ஓர் ஆட்டம் தேவைப்பட்டது. பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி, அவற்றுள் பந்தை எறியச் சொன்னார். கூடையின் அடி மூடியிருந்தமையால், பந்து விழுந்த போதெல்லாம் யாரேனும் ஏறி அதை எடுக்க வேண்டியிருந்ததாம்! இன்று கூடை போய் வளையம் வந்துவிட்டது. அதன் உயரம் மூன்று மீட்டருக்குச் சற்று மேல். அணிக்கு ஐவராக, நாற்பது நிமிடம் ஆடுகின்றனர். நம் சென்னையில் ஹாரி குரோ பக் என்பார் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். அவரும் ஸ்பிரிங்பீல்டில் பயின்றவரே. ஆதலால் இதனை நமக்குத் தொடர்பில்லாத அயலார் ஆட்டம் என்று ஒதுக்கிவிட இயலாது.

அனிதா பால்துரை 1985-இல் பிறந்தவர். இளம் வயதிலேயே இந்திய அணியில் இடம்பெற்று, பத்தொன்பதாம் வயதில் அதன் தலைவியானார். 2017 வரையில், ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் நாட்டுக்காக ஆடினார். ஆசியக் கூடைப்பந்துச் சாம்பியன் போட்டிகளில் ஒன்பது முறை கலந்துகொண்ட முதல் இந்தியப் பெண்மணி அவரே. தேசியப் போட்டிகளில் அவர் பெற்ற பதக்கங்கள் முப்பது. 2013-இல் தோஹா நகரில், அணிக்கு மூவர் ஆடும் ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றபோதும் அவர் களத்தில் இருந்தார்.

இவ்வளவு காலம் ஆடியவருக்குச் சோறிட்டது எது? அமெரிக்காவில் ஆட்டமே தொழில். ஆடவருக்கு 1946 முதலும், பெண்களுக்கு 1997 முதலும் அங்கே தொழில்முறைப் போட்டிகள் பெரிய அளவில் நடைபெற்று வருகின்றன. கழகங்கள் ஆட்டக்காரரை ஒப்பந்தம் செய்துகொண்டு ஊதியம் தருகின்றன. அனிதா ஆடிய நாட்களில் இந்தியப் பெண்களுக்கு, வாழ்நாள் முழுதும் நம்பியிருக்கத்தக்க அத்தகைய ஏற்பாடு இல்லை. அவருக்கு வாழ்வளித்தது தெற்கு ரயில்வேயில் கிடைத்த வேலை. அவருடன் ஆடிய கோட்டயத்துப் பெண்மணி கீது அன்னா ஜோசும் அதே ரயில்வேயைச் சேர்ந்தவர். ஆறடி இரண்டங்குல உயரமுடைய கீது ஆஸ்திரேலியக் கழகமொன்றில் ஆடிப் புகழ் பெற்றார். 2011-இல் அமெரிக்கத் தொழில்முறை அணிகளின் தேர்வுக்கும் சென்றார், இடம் கிடைக்கவில்லை. பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங்கை 2015-இல் டல்லாஸ் அணி தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்த எவருக்கும் அதற்கு முன் கிட்டாத சிறப்பு அது. எனினும் அப்பெரும் போட்டியில் ஓர் ஆட்டமும் ஆடும் வாய்ப்பு அவருக்கு வரவில்லை. கடல் கடந்த கதவு அவ்வளவு குறுகியது.

நம் நாட்டுக் கதவோ வேறு வகையானது. அலுவலகச் சுற்றறிக்கைகளோடு பழகிய நம்மில் பலர் அதனை அறிவோம். மத்திய அரசாங்கத்தில் நேரடி நியமனம் பெறும் ‘சி’ பிரிவுப் பதவிகளில் நூற்றுக்கு ஐந்து வரையில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு அளிக்கலாம் என்பது விதி. தேசிய, சர்வதேசப் போட்டிகளுக்குச் செல்ல ஆண்டுக்கு முப்பது நாட்கள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பும் உண்டு. முழங்கால் முறிந்தால் ஒப்பந்தம் போய்விடும், உத்தியோகம் போகாது. ஆடும் வயது கடந்த பின்னும் சம்பளம் வரும். பெண்களுக்கு நூற்றெண்பது நாள் மகப்பேற்று விடுப்பும் இருக்கிறது. தாயான பின்னரும் அனிதா களத்திற்குத் திரும்பினார். 2017-இல் பெங்களூரில் நடைபெற்ற ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவின் இறுதி ஆட்டத்தில், கசகஸ்தானை 75-க்கு 73 என்று வென்று முதற்பிரிவுக்கு உயர்ந்த அணியில் அவரும் ஒருவர். இரண்டே புள்ளிகளில் கிடைத்த அவ்வெற்றிக்குப் பின்னால், மாதந்தோறும் தவறாது வந்த சம்பளமும் நின்றது என்பதை நாம் மறக்கலாகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இப்பதவிகள் சில, ஆட விரும்புவோர் பலர். ஆட்டத்தில் சிறந்தவர் ஒருவர் இடம் பெற, அவரைவிடச் சற்றே குறைந்த பத்துப் பேர் வெறுங்கையோடு வீடு திரும்புகின்றனர். பதவி கிட்டியவர்க்கும் புகழ் எளிதில் வருவதில்லை. அனிதாவுக்குப் பத்மஸ்ரீ விருது 2021-இல்தான் வந்தது. அப்போது அவர் நாட்டுக்காக ஆடுவதை நிறுத்தி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வாண்டு நவம்பரில் விருதுகள் வழங்கப்பட்ட ராஷ்டிரபதி பவனம் நம் ஆர்.கே.புரத்திலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. ஆயினும் நம்மில் எத்தனை பேர் அச்செய்தியைக் கவனித்தோம்?

ஆகவே, “விளையாட்டு சோறு போடுமா?” என்னும் கேள்விக்கு, “போடும், ஆனால் பெரும்பாலும் பதவியின் கையால் போடும்” என்பதே நேர்மையான விடை. இதை அறிந்த பெற்றோர் செய்யத்தக்கவை சில உள்ளன. பள்ளிகளின் தேசியப் போட்டி, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டி, மாநிலத்தின் சார்பாக ஆடும் தேசியப் போட்டி ஆகியவற்றின் சான்றிதழ்களே நியமனத்தின்போது கணக்கில் கொள்ளப்படுகின்றன. தெருவில் வென்ற கோப்பைகள் பத்து இருப்பினும், அவை அங்கே செல்லா. சான்றிதழ்களை மதிப்பெண் பட்டியலோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவோம். படிப்பையும் கைவிட வேண்டியதில்லை. பதவிக்குரிய கல்வித் தகுதி விளையாட்டு வீரருக்கும் வேண்டும். டில்லியில் வளரும் நம் பிள்ளைகள் டில்லி அணிக்காக ஆடுவார்கள். தமிழ்நாட்டுக்கு எதிராகவும் ஆட நேரலாம். அதில் மனக்குறைக்கு இடமில்லை. வாழும் ஊரின் சட்டையை அணிந்து ஆடுவதும் நன்றியறிதலே.

மாலையில் பந்தை எடுத்துக்கொண்டு புறப்படும் மகளிடம் இனி, “இதனால் என்ன பயன்?” என்று கேட்பதை விட்டு, “அடுத்த தேர்வு என்றைக்கு? எந்த அணிக்கு?” என்று கேட்போமாக.