செவனு என்ற பெயர்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் இருவர் ஆற்றிய உரை)



உயர்தரப் பரீட்சை எழுதிய விடுமுறையில் நாங்கள் இருவரும் பதுளையில் ஒரு திருச்சபை அலுவலகத்துக்குக் கணினிப் பயிற்சிக்குப் போனோம். தோட்டத்து ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவதே வேலை. முன்பு பாமினியில் அடித்த பட்டியல் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தது. அதை யுனிகோடுக்கு மாற்ற ஒரே நாள். மிச்சமெல்லாம் மங்கிய மைக் கையெழுத்து. அங்கேதான் கெட்டித்தனம் காட்டினோம். 'செவனு' என்றிருந்ததைச் 'சிவன்' என்றும் 'ரெங்கம்மா'வை 'ரங்கம்மா' என்றும் திருத்தினோம். தமிழில் 'ஏ' எடுத்தவர்கள் அல்லவா!

மூன்றாம் வாரம் ஹாலிஎலப் பக்கத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா, அன்றைய பேரை விட்டுவிட்டு வந்தார். பிறப்புப் பத்திரம் இல்லை. காலங்கடந்த பதிவுக்கு ஞானஸ்நானச் சான்று கேட்டார். பெண்கள் 50 வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம். வயதைக் காட்டப் பத்திரம் வேண்டுமே. தகப்பன் பெயர் செவனு என்றார். தேடினோம். கணினியில் அப்படி ஒருவர் இல்லை.

போதகர் ஐயா பழைய ஏட்டைப் புரட்டினார். செவனு அங்கே இருந்தார். அம்மாவின் விவாகப் பத்திரத்திலும் அதே எழுத்துத்தான்.

1948இல் பறிபோன குடியுரிமைக்கு 2003 சட்டம் வரும்வரை கடதாசி தேடி அலைந்த சனம் நாம். ஓர் எழுத்துப் பிசகினால் என்னவாகும் என்று வீட்டில் கேட்டே வளர்ந்தோம், மறந்துபோனோம்.

முதல் பக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கினோம். ஏட்டில் உள்ளது உள்ளபடி ஒரு நிரல். தேடுவதற்கு மட்டும் இன்னொன்று. அந்த அம்மாவுக்கான சான்றை ஐயா அன்றே கையால் எழுதிக் கொடுத்தார்.