செடி படிக்கப் போகும் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி?

(தோட்டப் பெற்றோர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



காலையில பெரட்டு, பிறகு மலை, பிறகு கொழுந்து நிறுவை, அதுக்குப் பிறகு வீட்டு வேலை. இவ்வளவையும் முடிச்சிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீங்க. ஆகவே சுருக்கமாகவே பேசுகிறேன்.

தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தால் எந்த மலையில் முதலில் தெரியும் என்று இங்கே இருக்கிற அம்மாமாருக்குத் தெரியும். அந்த நோய் 1946ஆம் ஆண்டு இந்த நாட்டுக்கு வந்தது. அதுக்கு முன்னால், 1869இல் கோப்பிக்கு இலைத்துரு நோய் வந்து, கோப்பித் தோட்டமெல்லாம் அழிந்துதான் தேயிலை பெருகியது. செடியின் நோயோடு நம்ம பாட்டன், பூட்டன் காலத்து வாழ்க்கையே மாறிப் போச்சு. ஆனாலும் அந்த நோயைப் படித்து, மருந்தின் அளவு சொல்கிறவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? 1925ஆம் ஆண்டு தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் இன்று தலவாக்கலையில், நம் மலைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. அதற்குள்ளே ஆராய்ச்சியாளராகப் போக நம் பிள்ளைக்கு என்ன வழி? அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் என் கதை. உயர்தரப் பரீட்சை முடிந்ததும், டவுனில் ஒரு தனியார் நிறுவனம் "விவசாய டிப்ளோமா" என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அம்மா தோட்டை அடகு வைத்து காசு கட்டினா. ஒரு வருடம் போனேன். ஒரு பாத்தி மண்ணைக்கூடத் தொடவில்லை. கடைசியில் கிடைத்த சான்றிதழை எந்தக் கந்தோரும் ஏற்கவில்லை. அம்மாவின் தோடு மூழ்கிப் போச்சு. பிறகுதான் வவுனியா விவசாயப் பாடசாலையில் இடம் கிடைத்தது. அங்கே தமிழில் படித்தேன், வயலில் இறங்கிப் படித்தேன். இன்று இந்த வேலையில் இருக்கிறேன். நான் செய்த பிழையை நீங்கள் செய்யக்கூடாது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதலாவது வழி, அரச பல்கலைக்கழகம். அங்கே பட்டப் படிப்புக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது. பேராதனையில் விவசாய பீடம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. மட்டக்களப்பு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ருகுணு, ரஜரட்ட, சப்ரகமுவ, வயம்ப பல்கலைக்கழகங்களிலும் விவசாயம் படிக்கலாம். பதுளைப் பக்கத்து ஆட்களுக்கு ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் கிட்ட. தாவரவியல் மட்டும் படிக்க விரும்பினால் விஞ்ஞான பீடத்துக்குப் போகலாம்.

இதற்கு உயர்தரத்தில் உயிரியலும் இரசாயனவியலும் வேண்டும். ஆகவே தீர்மானம் எடுக்க வேண்டியது பெறுபேறு வந்த பிறகு அல்ல, சாதாரண தரம் முடிந்த உடனே. "பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கலைப்பிரிவுதான் இருக்கு, அதையே படி" என்று சொல்லிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும்.

ஒரு நல்ல செய்தி. அனுமதி இசட் புள்ளியில்தான் நடக்கிறது. ஆனால் விஞ்ஞானம் போன்ற துறைகளில் மாவட்டத்துக்கென்றும் இடங்கள் ஒதுக்குகிறார்கள். கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் இடம் உண்டு. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி நான்கும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைத் தமிழிலேயே வாசிக்கலாம். விருப்ப ஒழுங்கை அவசரத்தில் கண்ட மாதிரி நிரப்பாதீங்க. ஆசிரியரோடு உட்கார்ந்து நிரப்புங்க.

இரண்டாவது வழி, விவசாயத் திணைக்களத்தின் விவசாயப் பாடசாலைகள். வவுனியாவிலும் பாலமுனையிலும் தமிழில் படிப்பிக்கிறார்கள். அம்பாறை ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் விவசாயத்தில் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி காணாவிட்டால் வாழ்க்கை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

இனிச் செலவு. "இலவசம்" என்றால் ஒன்றும் செலவில்லை என்று அர்த்தமில்லை. தங்குமிடம், சாப்பாடு, பஸ் காசு, புத்தகம் எல்லாம் இருக்கிறது. ஆகவே ஒரு கொப்பியில் மாதக் கணக்கு எழுதுங்கள். விடுதி எத்தனை வருடத்துக்குத் தருகிறார்கள் என்று கேளுங்கள். மகாபொல, பல்கலைக்கழக உதவிப்பணம் இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே 1947ஆம் ஆண்டு தொடங்கிய இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் இருக்கிறது. இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக உயர்தர மாணவருக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் அது உதவி வழங்கிவருகிறது. அறிவித்தல் வரும்போது திகதியைத் தவற விடாதீங்க.

எந்த இடத்துக்குக் காசு கட்டுவதற்கு முன்னாலும் நாலு கேள்வி கேளுங்கள்.

ஒன்று, இதைப் பதிவு செய்தது யார்? பட்டம் என்றால் மானியங்கள் ஆணைக்குழுவிலோ கல்வி அமைச்சிலோ அங்கீகாரம் இருக்க வேண்டும். தொழிற்பயிற்சி என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்க வேண்டும். அவர்களுடைய வார்த்தையை நம்பாமல் ஆணைக்குழுவிடமே கேளுங்கள்.

இரண்டு, தோட்டம், நாற்றுமேடை, ஆய்வுகூடம் இருக்கிறதா? நேரில் போய்ப் பாருங்கள். கண்ணாடிக் கதவையும் கதிரையையும் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டாம்.

மூன்று, எந்த மொழியில் படிப்பிக்கிறார்கள்? பல்கலைக்கழக விவசாய பீடங்களில் ஆங்கிலம்தான். அதுக்காகப் பயப்பட வேண்டாம். உயர்தரம் முடிந்து அனுமதி வரும்வரை சும்மா இருக்கிற மாதங்களில் ஆங்கிலம் படிக்கட்டும்.

நான்கு, போன வருடங்களில் படித்து முடித்தவர்கள் இப்போ எங்கே வேலை செய்கிறார்கள்? இரண்டு பேரையாவது சந்தித்துப் பேசுங்கள்.

இந்த நாலுக்கும் நேரான பதில் வராத இடத்தில் ஒரு சதமும் கட்ட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பொம்பிளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று சில ஐயாமார் யோசிக்கிறீங்க. யோசிப்பது நியாயம்தான். விடுதியைப் போய்ப் பாருங்கள், அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் விசாரியுங்கள். ஆனால் விசாரிக்காமலே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். இந்த மலையில் கொழுந்தெடுத்த கை எல்லாம் பெண்களின் கைதானே? அந்தச் செடியைப் பற்றிப் படிக்கிற உரிமை அவர்கள் மகளுக்கும் உண்டு.

என் அம்மாவின் தோடு திரும்பி வரவில்லை. உங்கள் வீட்டுத் தோடு பத்திரமாக இருக்கட்டும். கேள்வி இருக்கிறவர்கள் கூச்சப்படாமல் இப்போதே கேளுங்கள்.