வீட்டு வாசலில் அறுபது சதுர அடி மண்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "உனக்குப் பிடிச்சதைப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார். சிவில் படித்தவன், கான்கிரீட் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பார். நான் பூச்செடி பற்றிப் பேச வந்திருக்கிறேன். நடுவில் கான்கிரீட்டும் வரும். சோறு போடுகிற தொழிலாச்சே, விட முடியுமா?

இங்கிலாந்தில் 'காட்டேஜ் கார்டன்' என்று ஒன்று உண்டு. கிராமத்துக் கூலிக்காரர்களின் சின்ன வீட்டு வாசலில் காய்கறி, மூலிகை, ரோஜா, லாவெண்டர் எல்லாம் கலந்து கட்டி வளரும். இந்த ஏழை வீட்டு முற்றங்களைப் பார்த்துப் பாடம் படித்து, பெரிய பங்களாத் தோட்டங்களுக்கும் அதைக் கொண்டு போனவர்களில் ஒருவர் கெர்ட்ரூட் ஜீக்கில் அம்மையார் (1843–1932). அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் பாட்டி வீட்டுக் கொல்லை வேறு எப்படி இருந்ததாம்? கிணற்றடியில் வாழை, பக்கத்தில் கனகாம்பரம், வேலியில் நித்தியமல்லி, மூலையில் பவழமல்லி, நடுவே கத்தரிச்செடி. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கொல்லை இன்று எங்கே போயிற்று? நம்மைப் போன்ற பொறியாளர்கள்தான் பிளான் போடுகிறோம். 1,200 சதுர அடி மனை என்றால், வீடு போக மீதி இடம் முழுக்க சிமெண்ட், இல்லையென்றால் டைல்ஸ். "கூட்டிப் பெருக்கச் சுலபம் சார்" என்கிறார்கள். சரிதான். ஆனால் மழைத்தண்ணீர் எங்கே போகும்? 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரே ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமாகிவிட்டது. இருந்தும் பல வீடுகளில் குழாய் நேரே தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது. 2015-இல் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2019 கோடையில் அதே சென்னை லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது. வாசலில் கொஞ்சம் மண் விட்டால் ஊரே பிழைத்துவிடும் என்று சொல்லவில்லை. வாசலை அடைத்துவிட்டு போர்வெல்லை மட்டும் குறை சொல்லக் கூடாது என்கிறேன்.

இனி என் வீட்டுக் கதை. என் அப்பா 2018-இல் காலமானார். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்த அம்மாவைத் திருச்சிக்குக் கூப்பிட்டேன். "வரேன்ப்பா. ஆனா அங்க காலையில எந்திரிச்சு நான் என்ன செய்யறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அப்போது நான் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் பத்தடிக்கு ஆறடி இடத்தை மண்ணாகவே விடச் சொன்னேன். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. "பாம்பு வரும் சார், கரையான் வரும், சுவர் ஓதம் காக்கும்" என்றார். அவர் பயத்தில் நியாயம் உண்டு. அதற்கு வழியும் உண்டு. கரையான் மருந்தை அஸ்திவாரத்திலேயே அடித்தோம். சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்குச் சரிவாக சிமெண்ட் தளம், அதைத் தாண்டித்தான் மண். கட்டட இடிபாடு, சுண்ணாம்பு, சிமெண்ட் கலந்த மண்ணை ஒரு அடி ஆழம் வெட்டி எடுத்துவிட்டு, செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் போட்டோம். புது வீட்டில் செடி வைத்து, இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பெரும்பாலும் சுண்ணாம்பு மிகுந்து, மண்ணில் உள்ள இரும்புச் சத்தைச் செடி எடுக்க முடியாமல் போவதுதான் காரணம்.

அம்மா வந்தார். மல்லிக் கன்று வாங்கி வருகிறேன் என்றதும், "எனக்கு இனிமே பூ எதுக்குப்பா?" என்றார். வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. என் மனைவிதான் சொன்னாள்: "வெச்சுக்கத்தானே கூடாதுன்னு சொல்றாங்க அத்தை, வளர்க்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே." அதற்கு அம்மாவிடம் பதில் இல்லை.

இன்று எங்கள் வாசலில் குண்டுமல்லி, செம்பருத்தி, நந்தியாவட்டை, கனகாம்பரம், அந்திமந்தாரை எல்லாம் உண்டு. அம்மா ஐந்து மணிக்கே எழுந்து சாமிக்குப் பூப் பறிக்கிறார். மாலையில் மொட்டுப் பறித்துத் தொடுத்து, எதிர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்புகிறார். காய்ந்த கனகாம்பரக் காயில் தண்ணீர் பட்டால் 'பட்'டென்று வெடித்து விதை தெறிக்கும். அதைப் பார்க்கவே தெருப் பிள்ளைகள் வந்து நிற்கும். போன வருஷம் ஒருநாள் என் மகள், தொடுத்த சரத்தில் ஒரு முழம் எடுத்துப் பாட்டியின் தலையில் செருகிவிட்டாள். அம்மா அதை எடுக்கவில்லை. நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான்கு விஷயங்கள். ஒன்று, குண்டுமல்லிக்கு நல்ல வெயில் வேண்டும். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் உள்ளதை வெட்டிவிடுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் வெட்டுங்கள், மார்ச்சிலிருந்து பூக்கும். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. இரண்டு, செம்பருத்திக்கு மாவுப்பூச்சி வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். மூன்று, செடி வாடுவது தண்ணீர் குறைவால் மட்டுமல்ல, தண்ணீர் தேங்கி வேர் அழுகியும் வாடும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

நான்காவது, அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு. ஆட்கள் ஏறும் மொட்டை மாடிக்கு நாம் கணக்கிடும் நகரும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். ஒரு அடி உயரம் ஈர மண் பரப்பினால் சதுர மீட்டருக்கு 550 கிலோ ஆகிவிடும்! அதனால் மாடியில் மண்ணைப் பரப்பாதீர்கள். தென்னைநார்க் கழிவு கலந்த லேசான கலவையைத் தொட்டிகளில் நிரப்பி, கீழே சுவர் அல்லது பீம் வருகிற இடத்தில் வரிசையாக வையுங்கள். தொட்டிக்கு அடியில் செங்கல் கொடுங்கள், தண்ணீர் தேங்காமல் ஓடட்டும்.

நிறைவாக, இங்கே அமர்ந்திருக்கும் சிவில் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்து நீங்கள் போடப்போகும் வீட்டுப் பிளானில், கார் நிறுத்த இடம் குறிக்கும்போதே அறுபது சதுர அடியை 'மண்' என்று எழுதிவிடுங்கள். வீட்டுக்காரர் ஏன் என்று கேட்பார். வீட்டில் வயதானவர்கள் யாராவது இருக்கிறார்களா, காலையில் எழுந்து அவர்கள் என்ன செய்வார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். மிச்சத்தை அவரே யோசித்துக்கொள்வார்.