குரலுக்கு அஞ்சற்க, எழுத்தைக் கேளுங்கள்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அரசியற் கூட்டமென்று அழைத்துவிட்டு இவன் கடனைப் பற்றிப் பேசுகின்றானே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். தொலைபேசி மணி ஒலிக்குந்தோறும் நடுங்குகின்ற வீட்டிலே உரிமையைப் பற்றிய பேச்சு எடுபடாது. கடன்காரனுக்கு அஞ்சித் தலைகுனிந்து நடப்பவன் ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கமாட்டான். ஆதலால் இன்று இதனையே பேசத் துணிந்தேன்.

சில மாதங்களுக்கு முன்னர், வன்னிப் பகுதியிலிருந்து முதியவரான கமக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய கையிலே ஒரு கைக்குட்டை முடிச்சு. அதற்குள்ளே மனைவியின் தாலிக்கொடி. அடைவு கடைக்குப் போகும் வழியில், அயலவர் ஒருவரின் வற்புறுத்தலுக்காகவே என்னிடம் ஏறினார். "நீதிமன்றப் பகுதியிலிருந்து பேசுகிறோம், உமது பேரில் பிடியாணை எழுதியாயிற்று, மாலை நான்கு மணிக்குள் 45,000 ரூபா போட்டால் அதனை நிறுத்தலாம்" என்று காலையில் ஒரு குரல் தொலைபேசியிற் சொல்லியதாம்.

"எந்த நிறுவனம் ஐயா?" என்று கேட்டேன். தெரியவில்லை. "பேசியவர் பெயர் என்ன?" தெரியவில்லை. "எந்தக் கணக்கிற் போடச் சொன்னார்கள்?" ஓர் ஆளின் பெயரிலுள்ள கணக்கு. "கடிதம் ஏதும் வந்ததா?" ஒன்றுமில்லை. அவர் முன்னொருகால் உழவு இயந்திரத் திருத்தத்திற்காகக் கடன் பெற்றது உண்மை. அக்கடன் கட்டி முடிந்து இரண்டாண்டுகள் சென்றுவிட்டன. பற்றுச்சீட்டுகள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்தன.

"கட்டி முடித்த கடனுக்கு ஏன் ஐயா தாலிக்கொடியை எடுத்தீர்கள்?" என்று கேட்டேன். "தம்பி, பொலிஸ் வாகனம் படலையில் வந்து நின்றால் நான் பிறகு ஊரில் எப்படி நடப்பது?" என்றார். அவரை அசைத்தது கடனன்று, மானம். நம்மவரின் மானவுணர்ச்சியையே முதலாகப் போட்டு இந்தத் தொலைபேசி வியாபாரம் நடைபெறுகின்றது.

இந்நிலை எவ்வாறு வந்தது? 2009 ஆம் ஆண்டில் யுத்தம் முடிவுற்றபின், வீடிழந்து, தொழிலிழந்து, குடும்பத் தலைவனை இழந்து நின்ற மக்களிடையே நுண்கடன் நிறுவனங்கள் வந்திறங்கின. ஈடு கேட்கவில்லை, அயற்பெண்களைக் குழுவாக்கி ஒருவருக்கொருவர் பிணையாக்கின. வாரந்தோறும் தவணை. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். 2018 ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர், கடன் அறவிடுவோரால் பெண்கள் படும் தொல்லையை எடுத்துரைத்தார். அதே ஆண்டில், வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பெற்றிருந்த, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டமொன்றை அரசாங்கம் அறிவித்தது. 2021 ஆம் ஆண்டில் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் சிங்களச் சகோதரிகளும் இதே துன்பத்துக்காகத் தெருவோரத்தில் அமர்ந்து சத்தியாக்கிரகஞ் செய்தனர். கடன் மிரட்டல் இனம் பார்த்து வருவதன்று. ஆயினும் யுத்தம் தின்ற மண்ணில் அது ஆழமாக வேரூன்றியது.

முன்னர் அறவிடுபவன் மோட்டார்ச் சைக்கிளில் வந்து படலையில் நின்றான். இன்று அவன் தொலைபேசியிலும் வருகின்றான். படலையில் நின்றவனின் முகத்தையாவது ஊரார் கண்டனர். தொலைபேசியில் வருபவனுக்கு முகமில்லை. அவன் உண்மையில் யாரென்று அறிவதே நமது முதல் வேலை.

இவ்வழைப்புகள் மூவகைப்படும். முதலாவது, உண்மையான கடன், உண்மையான நிறுவனம். ஆனால் முறைகேடான பேச்சு. இரண்டாவது, கடன் வேறொருவருடையது. உங்கள் இலக்கம் அவருடைய தொலைபேசியில் இருந்த காரணத்தால் உங்களை அழைக்கின்றார்கள். கைத்தொலைபேசிச் செயலிகள் மூலம் கடன் கொடுக்கும் சிலர், கடனாளியின் தொலைபேசியிலுள்ள பெயர்ப்பட்டியல் முழுவதையும் எடுத்துக்கொண்டு, உறவினரையும் பாடசாலை அதிபரையும் கூட அழைத்து அவமானப்படுத்துகின்றனர். மூன்றாவது, கடனுமில்லை, நிறுவனமுமில்லை, வெறும் மோசடி. அந்த முதியவருக்கு வந்தது இம்மூன்றாம் வகை.

மூன்றுக்கும் முதல் மருந்து ஒன்றே. "உங்கள் பெயர், நிறுவனத்தின் பெயர், கிளை, கடன் இலக்கம், மிகுதித் தொகை ஆகியவற்றைத் தமிழில் எழுதித் தபாலில் அனுப்புங்கள், எழுத்தைக் கண்டபின் பதில் தருவேன்" என்று கூறித் தொலைபேசியை வைத்துவிடுங்கள். வாதாடவேண்டாம், வையவும் வேண்டாம். உண்மையான நிறுவனம் கடிதம் அனுப்பும். மோசக்காரன் அனுப்பமாட்டான். முதியவரும் மறுநாள் அவ்வாறே கூறினார். அந்தக் குரல் அதன்பின் வரவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். கடனைக் கட்ட இயலாமை ஒன்றே ஒருவனைச் சிறையிலிடுவதற்குக் காரணமாகாது. ஒப்பந்தக் கடப்பாட்டை நிறைவேற்ற இயலாமைக்காக மட்டும் எவரையும் சிறையிடலாகாது என்று குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனையின் 11 ஆம் உறுப்புரை கூறுகின்றது. இலங்கை 1980 ஆம் ஆண்டில் அதனை ஏற்றுக்கொண்டது. ஒரு விலக்கையும் மறைக்காது சொல்லவேண்டும்: ஏமாற்றும் நோக்கத்துடன் கடன் பெற்றாலோ, கணக்கிற் பணமில்லையென்று அறிந்தும் காசோலை எழுதிக் கொடுத்தாலோ அது குற்றமாகலாம். எனவே தவணைக்குப் பிணையாக வெற்றுக் காசோலை கொடுக்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள்.

கடன் கொடுத்தோருக்கும் சட்டம் வழி வைத்திருக்கின்றது. 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ், கடன் வழங்கும் நிறுவனம் மாவட்ட நீதிமன்றில் வழக்கிட்டு, எதிராளி வந்து காரணங் காட்டாவிடின் உறுதியாகிவிடும் தீர்ப்பாணையைப் பெறலாம். அதே ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஈடுவைத்த சொத்தை வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் நிறைவேற்றி ஏலத்தில் விற்கவும் கூடும். இவ்விரண்டும் எழுத்தில் நடப்பவை. நீதிமன்றக் கட்டளையை உத்தியோகத்தர் கையிற் சேர்ப்பிப்பார்; ஏல அறிவித்தல் வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் வரும். மாலை நான்கு மணிக்குள் பணம் போடு என்று தொலைபேசியிற் கட்டளையிடும் நீதிமன்றம் இந்நாட்டில் இல்லை.

இதன் மறுபக்கத்தையும் மனத்திற் பதியுங்கள். குரலுக்கு அஞ்சவேண்டாம் என்றேனேயன்றி, நீதிமன்றத் தாளை அலட்சியஞ் செய்யச் சொல்லவில்லை. கட்டளை கைக்கு வந்தால் அன்றே சட்டத்தரணியிடம் செல்லுங்கள். குறித்த திகதியில் தோன்றாதிருந்தால், சொல்லத்தக்க நியாயம் இருந்தும் தோற்பீர்கள். தொலைபேசிக்கு நடுங்கியவர்கள் நீதிமன்றத் தாளை முகட்டில் செருகிவைத்துவிட்டுக் காணியை இழந்ததையும் நான் கண்டிருக்கின்றேன்.

பழைய கடனைப் பற்றியும் ஒரு சொல். வழக்கிடுங் கால எல்லையை வகுத்த 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்து ஒப்பந்தத்தின் மீது பொதுவாக ஆறு ஆண்டுகளுக்குள்ளும், எழுத்தில்லாத ஒப்பந்தத்தின் மீது மூன்று ஆண்டுகளுக்குள்ளும் வழக்கிடவேண்டும். ஈட்டுக் கடனுக்கு எல்லை வேறு. "ஒரு 500 ரூபாவாவது நல்லெண்ணத்துக்குப் போடுங்கள்" என்று இனிமையாகப் பேசும் குரலையும், "இதில் ஒரு கையெழுத்து மட்டும்" என்று நீட்டப்படும் தாளையும் எச்சரிக்கையுடன் நோக்குங்கள். பகுதிப் பணமும் கையொப்பமிட்ட ஒப்புதலும் காலங்கடந்த கோரிக்கைக்கு உயிரூட்டக்கூடும். நேர்மையான கடனிலிருந்து தப்புவதற்காக இதனைச் சொல்லவில்லை. இடப்பெயர்வுகளிலே பற்றுச்சீட்டை இழந்த நம் மக்களுக்குக் கால எல்லை நியாயமான கேடயம் என்பதற்காகவே சொல்கின்றேன்.

கணவன் பெற்ற கடனுக்கு மனைவி, தான் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்காதவரை, தன் சொந்தப் பொறுப்பில் கடனாளியாகமாட்டாள். அயலவன் கடனுக்கு, நீங்கள் பிணை நிற்காதவரை, நீங்கள் பொறுப்பல்லர். "நான் பிணையாளன் அல்லன், மீண்டும் அழைக்கவேண்டாம்" என்று ஒருமுறை கூறி, அழைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மிரட்டுவோருக்கும் சட்டமுண்டு. தண்டனைச் சட்டக்கோவையின் 372 ஆம் பிரிவு அச்சுறுத்திப் பணம் பறித்தலையும், 483 ஆம் பிரிவு குற்றமுறையான பயமுறுத்தலையும், 345 ஆம் பிரிவு பாலியல் தொல்லையையும் பற்றியன. தவணைக்குப் பதிலாகத் தகாத சொல் பேசுபவனைச் சகித்துக்கொள்ளத் தேவையில்லை, தாய்மார்களே! அது வெட்கப்படவேண்டிய விடயந்தான், வெட்கப்படவேண்டியவன் அவன். அழைப்பைப் பதிவுசெய்து வையுங்கள். 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுச் சட்டம் ஒலிப்பதிவை, உரிய முன்னறிவித்தலுடன், நீதிமன்றில் முன்வைக்க இடமளிக்கின்றது. மத்திய வங்கியின் மேற்பார்வைக்குட்பட்ட நிறுவனமாயின், அதன் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழும் அரசகரும மொழியென 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் கூறுகின்றது. பயன்படுத்தாத உரிமை துருப்பிடித்துப் போகும்.

செய்யத்தக்கவற்றைத் தொகுத்துச் சொல்கின்றேன். அழைத்தவர் தந்த இலக்கத்துக்கு மறுஅழைப்பு எடுக்காதீர்கள். கடன் புத்தகத்தில் அச்சிட்ட இலக்கத்தை அழையுங்கள், அல்லது கிளைக்கு நேரிற் செல்லுங்கள். வங்கி இரகசிய இலக்கத்தையோ, தொலைபேசிக்கு வரும் ஒருமுறை இலக்கத்தையோ எவருக்குஞ் சொல்லாதீர்கள். தனியாள் கணக்கிற் பணம் போடாதீர்கள். நிறுவனத்தின் பற்றுச்சீட்டின்றிச் சதமும் கொடுக்காதீர்கள். உங்கள் பேரில் அறியாக் கடன் இருக்கின்றதோ என்ற ஐயமிருந்தால், கொடுகடன் தகவல் பணியகத்திலிருந்து உங்கள் அறிக்கையைப் பெற்றுப் பாருங்கள்.

கடன் உண்மையானால் கட்டவேண்டும். அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. கட்ட இயலாதவிடத்து, அழைப்பு வருமுன்னரே நீங்களாகக் கிளைக்குச் சென்று, விளைச்சல் நிலைமையைக் கூறி, தவணையை மாற்றித் தரும்படி எழுத்திற் கேளுங்கள். பிரதியில் திகதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். ஒளிந்து திரிபவனைவிட எழுதிக் கேட்டவனின் பக்கத்தில் நீதிமன்றம் அனுதாபத்துடன் நோக்கும்.

இறுதியாக, ஆசிரியர்களுக்கும், எழுதுவினைஞர்களுக்கும், வங்கி உத்தியோகத்தர்களுக்கும், என் சட்டத்தரணி நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊருக்கொரு சனசமூக நிலையம் நமக்குண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை இரண்டு மணிநேரம் அங்கே அமருங்கள். வந்த கடிதத்தை வாசித்து விளக்குங்கள். கேட்கவேண்டிய கடிதத்தைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். ஒருவர் சட்டம் அறிந்தவராயிருந்தாற் போதும். மற்றவர்களுக்கு எழுதத் தெரிந்தாற் போதும்.

கமக்காரச் சகோதரர்களுக்கும் ஒன்று சொல்வேன். அயல் வீட்டுப் படலையில் கடன்காரன் நின்றால் வேலிக்கு மேலால் பார்த்துச் சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்புக்கு அஞ்சித்தான் அந்த முதியவர் தாலிக்கொடியை முடிச்சிற் கட்டினார். வேலியைத் தாண்டிச் சென்று அவரருகில் நில்லுங்கள். கடன் ஒருவருடையதாகவே இருக்கட்டும். அச்சத்தை அவரிடம் தனியே விட்டுவிடாதீர்கள்.