கல்லூரியும் கூடைப்பந்தும்



கூடைப்பந்து ஆட்டத்தில் ஒரு கல்லூரி ஓராண்டு கோப்பையைக் கைப்பற்றுவது பெரிய அதிசயமன்று. உயரமான பையன்கள் இருவரும், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதில் வல்லவன் ஒருவனும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்துவிட்டால் போதும். அவர்கள் பட்டம் பெற்றுப் போன மறு ஆண்டில் என்ன நேர்கிறது என்பதே கேள்வி. கல்லூரி அணியில் பெரும்பாலோர் மூன்றாண்டுகளுக்கு மேல் தங்குவதில்லை. கற்றுத் தேர்ந்தவன் வெளியேறுவான். கல்லாதவன் உள்ளே வருவான். இப்படி ஓயாமல் கரைந்துகொண்டே இருக்கும் ஓர் அணியை எவ்வாறு வெற்றியில் நிலைநிறுத்துவது?

விருதுநகர், சிவகாசிப் பகுதியில் நெடுங்காலம் தேகப்பயிற்சி ஆசிரியனாக இருந்தவன் நான். இக்கேள்விக்கு விடையை நான் கற்றுக்கொண்டது ஒரு தோல்வியிலிருந்து. அந்தத் தோல்வியும் என்னால் விளைந்ததே. ஓராண்டு எங்கள் அணி வட்டாரப் போட்டியில் முதலிடம் பெற்றது. ஆடிய ஐவரும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள். முப்பது புள்ளிகள் முன்னிலையில் இருந்தபோதுகூட இளையவர்களை நான் களத்தில் இறக்கவில்லை. புள்ளிகள் ஏறுவதைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருந்தேன் என்பதே உண்மை. மறு ஆண்டு முதல் ஆட்டத்திலேயே வெளியேறினோம். திரும்பும் வழியில், பேருந்தில் என் அருகில் அமர்ந்திருந்த பையன், "சார், போன வருஷம் எங்களை ஒரு நாளாவது இறக்கியிருந்தால் இன்றைக்குக் கை நடுங்கியிருக்காது" என்றான். சாத்தூர் வரும்வரை நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.

அதன் பின்னரே ஜான் வுடன் என்ற அமெரிக்கரைப் பற்றித் தேடிப் படித்தேன். உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் போதித்தவர் அவர். 1948-இல் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் கிளையில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். கிடைத்ததோ பழைய கூடம். மற்றப் பயிற்சிகளும் அங்கேயே நடைபெறும். பயிற்சிக்கு முன் அவரே தரையைத் துடைத்ததுண்டு. தேசியப் பட்டம் அவருக்கு முதன்முதலாகக் கிட்டியது 1964-இல். அது அவருக்குப் பதினாறாம் பருவம்! அவ்வாண்டு அவருடைய முதல் ஐவரில் ஒருவர்கூட 6 அடி 5 அங்குலத்திற்கு மேல் உயரமில்லை; ஆயினும் ஆடிய முப்பது ஆட்டங்களிலும் வென்றார்கள். 1975-இல் ஓய்வு பெறுவதற்குள் பத்துப் பட்டங்கள். அவற்றுள் ஏழு, 1967 முதல் 1973 வரை இடையறாது வந்தவை.

உயரமானவர்கள் அவரிடம் வராமலில்லை. பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் எனப் புகழ்பெற்ற லூ ஆல்சிண்டர், 7 அடி 2 அங்குலம் உயரமுள்ளவர், அவருடைய மாணவரே. ஆனால் 1969-இல் ஆல்சிண்டர் வெளியேறிய பிறகும், 1970-இலும் 1971-இலும் பட்டம் அங்கேயே நின்றது. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்நாளில் முதலாண்டு மாணவர்கள் பெரிய அணியில் ஆட விதி இடந்தரவில்லை; அவர்களுக்கென்று தனி அணி இருந்தது. 1965-இல் ஆல்சிண்டர் இருந்த அந்த முதலாண்டு அணி, தேசியப் பட்டத்தை வைத்திருந்த தங்கள் கல்லூரியின் பெரிய அணியையே 75-க்கு 60 என்று தோற்கடித்துவிட்டது!

வுடன் ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் முதலில் கற்பித்தது காலுறை அணியும் முறை. படித்தபோது சிரித்தேன். பிறகு எங்கள் பையன்களின் கால்களைப் பார்த்தேன். அண்ணனுடைய காலணியை, அளவு பொருந்தாமல், காலுறையின்றி அணிந்து வந்தவர்கள் பலர். சுடுசிமெண்டுத் தரையில் ஒரு கொப்புளம் கண்டால் ஒரு வாரப் பயிற்சி போயிற்று. அவ்வாண்டு கல்லூரி தந்த சிறு தொகையில் புதிய பந்து வாங்காமல் காலுறைகள் வாங்கினேன். அலுவலகத்தில் அதற்குக் கணக்குச் சொல்லுவது ஆட்டத்தைவிடக் கடினமாயிருந்தது.

நம் வட்டாரத்திற்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. மாலை ஐந்து மணிக்கும் களத்தில் கால் வைக்க முடியாத வெயில். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் வீடுதோறும் பட்டாசு வேலை. நாட்காட்டி அச்சாகும் பருவத்தில் சிவகாசி அச்சகங்களில் இரவு வேலை பார்த்துவிட்டு வகுப்புக்கு வரும் மாணவரும் உண்டு. பயிற்சிக்குத் தாமதமாக வந்த ஒருவனை ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் கடிந்தேன். அவன் விரல் நகங்களில் அச்சு மை இருந்ததைப் பிறகே கண்டேன். மறு நாள் முதல் பயிற்சி நேரத்தை இரண்டாகப் பிரித்தேன்: வைகறை ஐந்தரைக்கு ஒரு பிரிவு, பொழுது சாய்ந்தபின் ஒரு பிரிவு. எனக்கு உறக்கம் குறைந்தது. அணியில் ஆள் குறையவில்லை.

மேலும் ஒன்று செய்தேன். கொடைக்கானல் மலையடிவாரத்துப் பெரியகுளத்தில் மே மாதத்தில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடைபெறும். அது இதுவரை அறுபது தடவைக்கு மேல் நடந்திருக்கிறது. பெருநகரமல்லாத ஓர் ஊர், விடாப்பிடியாக நடத்தி வருவது. அங்கே என் சிறந்த ஐவரை நான் அழைத்துச் செல்லவில்லை; முதலாண்டுப் பையன்களையே அழைத்துச் சென்றேன். நாட்டின் பெரிய அணிகள் விளக்கொளியில் ஆடுவதை அவர்கள் வாய் பேசாமல் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் பந்தைப் பார்க்கவில்லை; பந்து இல்லாத ஆட்டக்காரர் எங்கே ஓடுகிறார் என்பதைத் தாள் ஒன்றில் கோடு போட்டுக் குறித்துக்கொண்டிருந்தான்.

அவன் கடைசிவரை முதல் ஐவரில் இடம்பெறவில்லை. அத்தனை வேகம் அவனுக்கு இல்லை. ஆனால் நான் ஓய்வு பெற்ற நாளில், வைகறைப் பிரிவின் சீழ்க்கையை அவன் கையில்தான் கொடுத்துவிட்டு வந்தேன்.