வாசலில் நிற்கும் உதவி

நாடகம் எழுதுபவன் நான். என் நாடகங்களிலே கடன் கொடுத்தவன் வருவான். கைகட்டி நிற்கும் தந்தை வருவார். கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தரும் தாய் வருவாள். கொட்டகையில் கண்ணீர் பெருகும். கற்பனையில் கண்ட காட்சியன்று அது. எங்கள் வீட்டுத் திண்ணையில் நான் கண்டது.

பொறியியல் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. கட்டணத்துக்காக என் தந்தை ஒரு வங்கியின் படியேறினார். "சொத்துப் பத்திரம் உண்டா?" என்றனர். இல்லை என்றார், இறங்கினார், வட்டிக்காரரிடம் போனார். இரண்டாம் ஆண்டில் கட்டணத்தை வட்டி விழுங்கிற்று. புத்தகத்தை மூடி வெளியே வந்தேன். "தலைவிதி" என்றார் தந்தை.

பல ஆண்டுகள் சென்ற பின்னரே அறிந்தேன்: 4 இலட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணையம் கேட்கலாகாது என்பதே வங்கிகளுக்குரிய விதி! எங்களை வீழ்த்தியது தலைவிதியா, தெரியாமற்போன விதியா? நீங்களே கூறுங்கள்.

இன்று உதவிகள் ஒன்றல்ல, பல. ஆதிதிராவிட மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944-ஆம் ஆண்டிலேயே பிறந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரி, கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும், 2021-இல் பொறியியலுக்கும் வந்தது. மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கின. கல்விக் கடனோ, படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்த பிறகே தவணை கேட்கும்.

இத்தனையும் இருந்தும் ஏழை வீட்டுப் பிள்ளை ஏன் பாதியில் நிற்கிறான்? உதவி வாசலில் நிற்கிறது. உள்ளே அழைக்க வழி தெரியவில்லை! வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவு வந்தபின் தேடி ஓடுகிறோம். கலந்தாய்வு இடத்தை விட்டு, முகவரின் இனிப்புச் சொல் கேட்டு, நிருவாக ஒதுக்கீட்டில் பணம் கட்டுகிறோம். கட்டியபின், முதல் பட்டதாரிச் சலுகை அங்கே செல்லாது என்றறிந்து கலங்குகிறோம். கல்விக் கட்டணத்தை மட்டும் எண்ணுகிறோம். விடுதியை, உணவை, பேருந்தை, நூல்களை எண்ண மறக்கிறோம்.

ஆகவே, பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் கால் வைக்கும்போதே கணக்குப் போடுங்கள். முழுச் செலவு எவ்வளவு? உதவியாக வருவது எவ்வளவு? கையிலிருப்பது எவ்வளவு? எஞ்சியதற்கு மட்டுமே கடன்! பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கைத் திறந்து, ஆதாரோடு இணைத்து வையுங்கள். கடன் மறுக்கும் வங்கியிடம், மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

"கையேந்துவதா?" என்று கூசுவோர் உண்டு. தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கொடுத்தவர் நாம். நாம் கொடுத்ததில் நம் பிள்ளையின் பங்கைக் கேட்பதிலே கூச்சம் எதற்கு?

தோழர்களே! வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாய்ச் செல்லத் தெரிந்தவர்கள் நீங்கள். பெயர் விடுபட்டால் பதறுகிறவர்கள்! உங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? அந்தப் பட்டியல் உங்கள் கையில் உண்டா? இல்லையெனில் இந்த ஞாயிறே எடுங்கள். மே மாதத்தில், தேர்வு முடிவு வெளிவரும் வாரத்தில், கிளைக்கு ஒரு மேசை போடுங்கள். விண்ணப்பம் எழுதித் தாருங்கள். தயங்கும் தந்தையோடு வங்கிக்குத் துணை செல்லுங்கள்.

என் தந்தை படியேறிய அன்று அருகில் ஒருவர் நின்று, "ஐயா, பத்திரம் கேட்க விதியில்லை" என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் வரவேயில்லை. இனி வருகின்ற தந்தையர்க்கு அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்!