குறியீட்டெண்ணும் சந்தை அகலமும்: மாநாட்டுத் தலைமை உரை

நிஃப்டி 50 குறியீட்டில் ஐம்பது நிறுவனங்களுக்கும் ஒரே எடை கிடையாது. பொதுமக்களிடம் புழங்கும் பங்குகளின் சந்தை மதிப்புக்கு ஏற்ப எடை அமைவதால், முதல் பத்து நிறுவனங்களே பாதிக்கு மேல் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பத்தின் எடை 55 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் அவை தலா 2 விழுக்காடு ஏறி, மற்ற நாற்பதும் தலா 1 விழுக்காடு இறங்கினால், குறியீடு 0.65 விழுக்காடு உயர்ந்து முடியும். சந்தை ஏறியதாக மாலைச் செய்தி சொல்லும். ஐம்பதில் நாற்பது இறங்கிய விவரம் தலைப்பில் வராது. ஏற்றத்தில் எத்தனை பங்குகள் கலந்துகொண்டன என்று எண்ணிப் பார்ப்பதே சந்தை அகலம். தரகர்கள் பேச்சில் மார்க்கெட் பிரெட்த். அந்த எண்ணிக்கையை விலை வரைபடத்தோடு சேர்த்துப் படிப்பதால் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதே இம்மாநாட்டின் முன் உள்ள கேள்வி.

ஒரே சராசரியை நம்பக்கூடாது என்ற எண்ணம் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நிறுவனர்களில் ஒருவரான சார்லஸ் டோவின் காலத்திலேயே இருந்தது. 1884இல் அவர் வெளியிட்ட முதல் சராசரியில் 11 பங்குகள். அவற்றில் 9 ரயில்வே நிறுவனங்கள். 1896இல் 12 பங்குகளைக் கொண்ட தொழில்துறைச் சராசரி வந்தது. தொழில்துறையும் ரயில்வேயும் ஒரே திசையில் போனால்தான் போக்கு உறுதிப்படும் என்பது அவர் எழுத்திலிருந்து பின்வந்தோர் வகுத்த கோட்பாடு. பொருள் உற்பத்தியானால் அது ரயிலேற வேண்டும் அல்லவா! ஏறிய பங்குகளையும் இறங்கிய பங்குகளையும் நேரடியாக எண்ணும் முறை, கிளீவ்லாந்து டிரஸ்ட் கம்பெனியைச் சேர்ந்த லெனார்ட் அயர்ஸின் பணியால் 1920களில் உருப்பெற்றது.

எண்ணும் முறை எளிது. அன்றைக்கு ஏறிய பங்குகளின் எண்ணிக்கையிலிருந்து இறங்கியவற்றைக் கழித்து, வரும் விடையை முந்தைய நாள் கூட்டுத்தொகையோடு சேர்த்துக்கொண்டே போனால் ஏற்ற-இறக்கக் கோடு கிடைக்கும். அந்தக் கோட்டின் அளவுக்குத் தனியே பொருள் இல்லை. தொடங்கும் நாளைப் பொறுத்து அது மாறும். சாய்வு மட்டுமே பேசும். 200 நாள் நகரும் சராசரிக்கு மேல் நிற்கும் பங்குகளின் விழுக்காடு, 52 வார உச்சத்தையும் தாழ்வையும் தொட்டவற்றின் எண்ணிக்கை ஆகியவை அடுத்த இரு அளவைகள். 1969இல் மெக்லெலன் தம்பதியர் உருவாக்கிய ஆசிலேட்டர் போன்றவை, இதே எண்ணிக்கையை வெவ்வேறு வேகத்தில் சராசரியாக்கித் தருபவை. புதிய தகவல் எதையும் அவை கொண்டுவருவதில்லை.

விலை வரைபடத்தைப் பொறுத்தவரை, வடிவங்களின் பெயர்களைவிட அடிப்படை ஒழுங்கே முக்கியம். போனஸ், பங்குப் பிரிப்பு ஆகியவற்றுக்குச் சரிசெய்யாத வரைபடத்தில் இல்லாத சரிவுகள் தெரியும். நீண்ட காலப் படத்துக்கு, சம விழுக்காட்டு மாற்றம் சம உயரமாகத் தெரியும் லாக் அளவுகோல் வேண்டும். 1978-79ஐ 100 ஆகக் கொண்ட சென்செக்ஸைச் சாதாரண அளவுகோலில் வரைந்தால், 1992இன் ஹர்ஷத் மேத்தா ஊழல் காலத்து ஏற்றமும் வீழ்ச்சியும் சிறு மேடாகச் சுருங்கிவிடும். அதைக் கடந்துவந்தவர்களுக்கு அது மேடாக இருக்கவில்லை.

அகலத்தையும் விலை வரைபடத்தையும் சேர்த்துப் படிக்க இந்தியச் சந்தையின் 2018ஆம் ஆண்டைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. மிட்கேப், ஸ்மால்கேப் குறியீடுகள் அந்த ஜனவரியிலேயே உச்சம் கண்டு திரும்பின. பிப்ரவரி 1 பட்ஜெட்டில் பங்குகளின் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 10 விழுக்காடு வரி வந்தது. மியூச்சுவல் ஃபண்ட் திட்டங்களை வகைப்படுத்தும் செபியின் புதிய விதிகளும், தாறுமாறாக ஏறிய பங்குகள் மீதான கூடுதல் கண்காணிப்பும் சிறு பங்குகளை அழுத்தின. நிஃப்டியோ ரிலையன்ஸ், டிசிஎஸ், எச்டிஎஃப்சி வங்கி போன்ற சிலவற்றின் தோளில் ஏறி, ஆகஸ்ட் இறுதியில் 11,700ஐத் தாண்டிப் புதிய உச்சம் தொட்டது. அடுத்த மாதமே ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிதி நிறுவனத்தின் கடன் நெருக்கடி வெடித்தது. அக்டோபரில் நிஃப்டி 10,000 அருகே வந்தது.

கதையை இங்கே நிறுத்தினால் சந்தை அகலத்துக்கு முழு வெற்றி. பலரும் இங்கேதான் நிறுத்துகிறார்கள். ஆனால் நிஃப்டி மீண்டு, 2019 ஜூனில் 12,000ஐக் கடந்தது. 2020 ஜனவரியில் 12,400ஐயும் தொட்டது. ஸ்மால்கேப் 100 குறியீடோ 2019 ஆகஸ்டில் தன் உச்சத்திலிருந்து ஏறத்தாழ 40 விழுக்காடு கீழே கிடந்தது. ஆக, 2018 ஜனவரிக்குப் பிந்தைய பிளவு நிஃப்டியின் நீண்ட திசையைச் சரியாகச் சொல்லவில்லை. பெரும்பாலான முதலீட்டாளர்களின் கணக்கில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை மட்டும் மிகச் சரியாகச் சொன்னது. சந்தை அகலத்தின் உண்மையான பயன் இதுவே: சராசரிப் பங்கின் நிலையை அது காட்டும், குறியீட்டின் திருப்பத்துக்கு நாள் குறிக்காது.

அமெரிக்க அனுபவமும் இதையே உறுதிசெய்கிறது. நியூயார்க் சந்தையின் ஏற்ற-இறக்கக் கோடு 1998 ஏப்ரலில் உச்சம் கண்டு இறங்கத் தொடங்கியது. எஸ் அண்ட் பி 500இன் உச்சம் 2000 மார்ச்சில்தான் வந்தது. எச்சரிக்கை உண்மைதான். ஆனால் அதைக் கேட்டு உடனே விற்றவர், இடையே மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான ஏற்றத்தை இழந்திருப்பார். எச்சரிக்கையே இல்லாமல் வந்த சரிவும் உண்டு. 2008 ஜனவரி தொடக்கத்தில் இந்தியச் சிறு பங்குகள் சென்செக்ஸோடு சேர்ந்தே உச்சத்தில் இருந்தன. அகலம் அப்போது மிகச் சிறப்பு. ஜனவரி 21 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 1,400 புள்ளிகளுக்கு மேல் வீழ்ந்தது.

உச்சத்தைவிட அடியைக் கண்டறிவதில் சந்தை அகலம் நம்பகமானது என்று கருத இடமுண்டு. உச்சங்கள் மெதுவாக உருவாகின்றன. துறைகள் வெவ்வேறு மாதங்களில் களைக்கின்றன. பீதியோ எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விற்கவைக்கிறது. திரும்பும்போதும் பங்குகள் ஒன்றாகவே திரும்புகின்றன. மார்ட்டின் ஸ்வைக் வகுத்த விதி இதையே பயன்படுத்துகிறது: ஏறும் பங்குகளின் விகிதத்தின் பத்து நாள் சராசரி, பத்து நாளுக்குள் 40 விழுக்காட்டுக்குக் கீழிருந்து 61.5 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். அத்தகைய தருணங்கள் மிகக் குறைவு என்பதால் புள்ளியியல் சான்றும் மெலிந்ததே.

இத்துறையின் முறைகளைச் சோதனைக்கு உட்படுத்தும் மரபு பழையது. டோவ் கோட்பாட்டின்படி வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஆசிரியர் வில்லியம் பீட்டர் ஹாமில்டன் எழுதிய தலையங்கங்களை ஆராய்ந்து, பங்குகளை வாங்கிச் சும்மா வைத்திருந்தாலே கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று 1933இல் ஆல்ஃபிரட் கௌல்ஸ் காட்டினார். 1998இல் பிரவுன், கெட்ஸ்மன், குமார் ஆகியோர் அதே தலையங்கங்களை இடர் அளவோடு சேர்த்துக் கணக்கிட்டு, ஹாமில்டனுக்குத் திறன் இருந்தது என்றனர். தரவு ஒன்று, கேட்ட கேள்வி வேறு.

இங்கே படிக்கப்படும் கட்டுரைகளும் தம் கேள்வியை முதலிலேயே வெளிப்படையாக வைக்க வேண்டும். எந்தப் பங்குகள் எண்ணப்பட்டன? மும்பை சந்தையில் பட்டியலான ஆயிரக்கணக்கான நிறுவனங்களில் பல, சில நூறு பங்குகள் மட்டுமே கைமாறும் நாளிலும் ஏற்றம் என்றோ இறக்கம் என்றோ கணக்கில் ஏறுகின்றன. விலையைச் செயற்கையாக ஏற்றும் ஆபரேட்டர்கள், அன்றைய விலை வரம்பான சர்க்யூட் வரை இழுத்துச் செல்லும் பங்கும் ஒரு வாக்குதான். பட்டியலிலிருந்து நீங்கிய நிறுவனங்களைச் சேர்க்காத பழைய தரவு, கடந்த காலத்தை அழகாக்கிக் காட்டும். ஆகவே ஒவ்வொரு கட்டுரையும் தன் பங்குத் தொகுப்பையும், நீக்கப்பட்டவற்றையும், விதி பலிக்காத ஆண்டுகளையும் பலித்தவற்றோடு சேர்த்தே அவையின் முன் வைக்குமாறு ஆய்வாளர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.